காந்தம் இல்லாத முகில்

ஊர்காவற்றுறை வீட்டுக் குசினியில் நண்டு உடைக்கிறாள் தாய். யன்னல் வெயிலுக்கு முதுகு காட்டி, அன்ரனிட்டா போனைச் சீனிப்போத்தலில் சாய்த்துப் பார்க்கிறாள். திரையில் நடக்கும் இணையக் கருத்தரங்கில் அவளுடைய பேராசிரியர், விண்மீன்களுக்கு இடையில் கொந்தளிக்கும் வாயு முகிலின் படத்தைத் தன் ஆய்வென்று காட்டுகிறார். படம் அவள் கணினியில் கணித்துச் செய்தது; அவள் பெயர் எங்குமில்லை. “காந்தப்புலம்தான் இந்தச் சுழிகளை ஒழுங்காக்குகிறது” என்கிறார். மனிசன் களவெடுத்ததோ, ஒப்பிட்டுப் பார்க்கவென்று கணக்கிலிருந்து காந்தப்புலத்தை நீக்கி அவள் செய்த படம். காந்தம் இருந்தால் சுழிகள் ஒரு பக்கமாய் இழுபட்டு நீளும். இதில் கண்டபாட்டுக்குச் சுழல்கின்றன. “என்ன பிள்ளை, தனியச் சிரிக்கிறாய்?” “பெரிய நண்டொண்டு தானா வந்து கூட்டுக்குள்ளை ஏறீட்டுதம்மா.” கேள்வி நேரம் வருகிறது. அவள் ஒலிவாங்கியைத் திறக்கிறாள். “சேர், அந்தச் சுழிகளை ஒருக்காப் பெருப்பிச்சுக் காட்டுங்கோ. எல்லாரும் வடிவாப் பாக்கட்டும்.”