பூட்டிய வீட்டு மோடம்

அப்பா வேலை செய்யும் கப்பல் ஆபத்தான செங்கடலில் எங்கே போகிறது என்று காட்டும் தளத்தைப் பள்ளியில் தடுத்திருந்தார்கள். அதனால் ஜெனிஸ் வீட்டு வி.பி.என். வழியாகப் பார்த்தாள். பள்ளிக் கணினி வீட்டு மோடத்திடம் கேட்கும்; மோடம் வெளியே போய் வாங்கிவந்து தரும். வீட்டில் கரண்ட் இருந்தால் போதும்.

பத்து மணிக்கு அம்மா மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டைப் பூட்டி வேலைக்குப் போய்விடுவாள். அதற்குள் பார்த்துவிட வேண்டும். இன்று மறதியில் பதினொரு மணிக்குத் தட்டினாள். இணைந்துவிட்டது!

அப்படியானால் யாரோ மெயினைப் போட்டிருக்கிறார்கள். டீச்சரிடம் ஓடினாள்.

“டீச்சர், எங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க.”

“இங்கன இருந்துக்கிட்டு ஒனக்கு எப்படித் தெரியும்?”

சொன்னால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“திருட்டு வழில போயி திருடனைப் பிடிச்சியாக்கும்?” விக்டோரியா டீச்சர் முறைத்தபடியே, பக்கத்து வீட்டு கிளாட்வினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க அண்ணாச்சி. கையில கம்பு இருக்கட்டும்.”

கதவு தட்டும் சத்தம். பிறகு கதவு திறந்தது; யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஜெனிஸ் டீச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் கிளாட்வின் குரல் வந்தது: “களவாணி இல்ல டீச்சர், அவ அப்பாதான். ஏஜென்ட் ஏமாத்திட்டானாம், கப்பல்ல ஏறவே இல்லையாம். ஆள் இல்லாத நேரம் தன்கிட்ட இருக்க சாவியால தெறந்து, வந்து சாப்பிட்டுட்டுப் போறாராம். பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிராதியன்னு அழுதாரு.”