வாசல் மெஷின்

"அழிக்க மாட்டனுங்க சார்."

பூங்குழலி இதைச் சொல்வது மூன்றாவது முறை. மேனேஜர் முரளிதரன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மைசூர் அக்ரஹாரத்தில், பூஜை சாமான் கடைக்கு மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்களின் சாஃப்ட்வேரை வாடகை சர்வர்களில் போட்டு, அது படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. எந்த சர்வருக்குள் போவதென்றாலும் முதலில் ஒரு மெஷினுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அதற்கு 'வாசல்' என்று பெயர். யார் வந்தார், எங்கே போனார், என்ன கட்டளை அடித்தார் என்று அது ஒன்று விடாமல் குறித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது புது வாசல் தயார். பூங்குழலியேதான் நிறுவினாள். பழையதை அழிக்க வேண்டியதுதான் பாக்கி. அழிப்பதற்கு இரண்டு பேர் சம்மதம் வேண்டும். போன மாதம் நடந்த கூத்துக்குப் பிறகு முரளிதரனே போட்ட சட்டம் அது. அவர் சம்மதம் கொடுத்தாயிற்று. இவள்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"சும்னே ஒரு பட்டன் அமுக்கறதுக்கு ஏம்மா இவ்வளவு ரகளை?"

"பதினோரு மணிக்கு முதலாளி வர்றாருங்க. உதயகுமாரும் வர்றான். ரெண்டு பேரு முன்னாலயும் இந்த மெஷினைத் திறந்து காட்டணும். அப்புறம் அழிச்சுக்கலாம்."

உதயகுமார் என்ற பெயரைக் கேட்டதும் முரளிதரன் முகம் சுருங்கியது.

போன மாதம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் மொத்தப் பதிவுகளும் காணாமல் போயின. கம்ப்யூட்டர் திரையில் சோதனை சர்வர் ஒரு கறுப்பு ஜன்னலில், நிஜ சர்வர் இன்னொரு கறுப்பு ஜன்னலில் திறந்திருக்கும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். யாரோ ஜன்னல் மாறி, அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள்.

அந்த சர்வரில் எல்லோருக்கும் ஒரே லாகின். ட்யூட்டி சார்ட்டைப் பார்த்தார்கள். உதயகுமார் பெயர் இருந்தது. அன்று சாயங்காலமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆள் கிடைத்த பிறகு ஆதாரத்தை யார் தேடுகிறார்கள்?

பக்கத்து மேஜை அனுப்ரியா தன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் கௌதள்ளிதானே? ஊர்ப்பாசம்! போனவனுக்காக மேனேஜரையே எதிர்த்துப் பேசறா பாரேன்" என்றாள் பின்னால் இருந்தவனிடம், நன்றாகக் கேட்கும்படி.

பூங்குழலி திரும்பினாள்.

"ஆமா, ஊர்க்காரன்தான். மூணு கம்பெனியில அவனை வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டாங்க. 'டேட்டாவ அழிச்சவன்'னு பேரு அவனுக்கு முன்னால போய் நிக்குது. அந்தப் பேரைச் சுமந்து பாரு, தெரியும்."

அனுப்ரியா தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரிம்மா, ஒரு நகல் எடுத்து வச்சுக்கோ. மெஷின் எதுக்கு?" முரளிதரன் இறங்கி வந்தார்.

"நகலைத் திருத்திட்டேன்னு சொல்லுவாங்க. அசல் நிக்கணும்."

"நான் உன் மேனேஜர். ஆர்டராவே சொல்றேன்."

"எழுதிக் கொடுங்க சார். எதுக்காக இவ்வளவு அவசரமா அழிக்கணும்னு காரணத்தையும் சேர்த்து எழுதுங்க."

ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. முரளிதரன் எழுதவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டுமுங்க."

"அடுத்த மாசம் உன்னை டீம் லீடர் ஆக்கச் சொல்லி முதலாளிகிட்ட நான்தான் பேசி வச்சிருக்கேன். அதையும் தொலைச்சுக்கறியா?"

"யாரைக் காப்பாத்தறதுக்கு சார் இவ்வளவு பாடு?"

அவள் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. எல்லோர் மனதிலும் ஒரே கணக்குதான் ஓடியது. அழித்தது மேனேஜர்தான். பழி போட ஒருவன் கிடைத்தான், இப்போது தடயத்தையும் துடைக்கப் பார்க்கிறார். அனுப்ரியாகூட அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

கீழே கார் வந்து நின்றது. முதலாளி பசவராஜின் குரல் கேட்டது. கூடவே, "நமஸ்கார சார்" என்று உதயகுமாரின் தயங்கிய குரல்.

படியில் காலடிகள் ஏறி வந்தன.

முரளிதரன் பூங்குழலியின் பக்கம் நன்றாகக் குனிந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"கடைசியா கேக்கறேன், அந்தப் பட்டனை அமுக்கிடும்மா. பழைய வாசலை நான் முந்தாநாளே திறந்து பாத்துட்டேன். அன்னிக்கு ஜன்னல் மாத்தி அடிச்சது வேற யாரும் இல்ல, நீதான். போனவன் போய்ட்டான், உன்னையாவது காப்பாத்தலாம்னுதான் நான் இப்படித் தவிக்கறேன்."

பூங்குழலி எழுந்து நின்றாள். வாசல் மெஷினின் பதிவைத் திரையில் பெரிதாகத் திறந்து, வருகிறவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"நானும் நேத்தே பாத்துட்டனுங்க சார். அதனாலதான் அவங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னேன்."