தரை போட்ட உத்தரவு

சகதியில் சறுக்கி விழுந்த பைக்கை ஃபிலோமினா நிமிர்த்தினாள். பால்வாடி மூடும் நேரம். குழந்தை அங்கே காத்திருந்தது. கிக்கரை எத்தனை முறை உதைத்தும் பைக் கிளம்பவில்லை.

"விழுந்ததுல மூளை கலங்கிடுச்சா? பொறியே வரலையே," என்று கிக்கர் ஸ்பார்க் பிளக்கை அதட்டியது.

"எனக்குக் கரண்டே வரலை. நான் என்ன பண்ண?"

ஹேண்டில்பாரில் இருந்த, எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச் மெல்ல வாய் திறந்தது. "நான்தான் கரண்டை நிறுத்தி வெச்சிருக்கேன். விழுந்தப்போ என்னை அமுக்கினாங்களே. அமுக்கினா 'நிறுத்து'ன்னுதானே அர்த்தம்?"

"யாரு அமுக்கினா? அந்தம்மாவா?" என்று கேட்டது கிக்கர்.

ஸ்விட்ச் குழம்பியது. "இல்ல... தரை."

"அப்போ 'கிளம்பு'ன்னும் தரையே வந்து சொல்லணுமா?" என்றது பிளக்.

ஃபிலோமினா மறுபடி உதைத்தாள். ஸ்விட்ச் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.