பத்தொன்பதாவது கோடு

"இன்னைக்கே சொல்லிடுவீங்கல்ல மேடம்? விடிஞ்சா கொடியேத்தம்!"

ஜேசுராஜ் இதைக் கேட்பது நாலாவது முறை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருந்த அந்தச் சிலிண்டர் சோதனைக் கூடத்துக்குத் தன்னுடைய ஆக்சிஜன் சிலிண்டரை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். கூடவே அவர் ஊர்க்காரி அருள்மேரி, கையில் செபமாலையோடு.

"சொல்லிடுறேண்ணே. உக்காருங்க" என்றாள் சுடர்விழி. அங்கே பாஸும் பெயிலும் அவள் கையெழுத்தில்தான்.

உட்காருவதாவது! அருள்மேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எங்க ஊருல புதுசா அந்தோணியார் கோயில் கட்டியிருக்கோம் பாப்பா. முதல் திருவிழா. ஆறு மணிக்கெல்லாம் ஃபாதர் வந்துடுவாரு. பந்தல், சப்பரம், மைக் செட்டு எல்லாம் ரெடி. இந்தச் சிலிண்டர் ஒண்ணுதான் பாக்கி."

"இது இல்லாம கொடியேத்த முடியாதாக்கா?"

"இது வராம கொடியத் தொடக் கூடாதுன்னு ஊரே ஒத்தக் கால்ல நிக்குது!"

கொடிமரத்தில் ஏதோ வெல்டிங் பாக்கி போலிருக்கிறது என்று சுடர்விழி நினைத்துக்கொண்டாள். "வேற சிலிண்டர் ஏதாவது..."

"ம்ஹூம். இதுதான்னு பேசி முடிச்சாச்சு மேடம்" என்றார் ஜேசுராஜ்.

ஒரு ஊரே ஒரு சிலிண்டரை நம்பிக் காத்திருக்கிறது என்றதும் சுடர்விழிக்கும் பரபரப்பு தொற்றிக்கொண்டது. வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தாள். பிறகு சிறு சுத்தியலால் சிலிண்டரின் விலாவில் ஒரு தட்டு.

ணங்ங்ங்...

சத்தம் கூரைத் தகரம் வரை போய்த் திரும்பியது. அருள்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கண்கூடக் கலங்கிவிட்டது. "கேட்டீங்களாண்ணே! கேட்டீங்களா!"

"உள்ள துரு தின்னிருந்தா சத்தம் மந்தமா வரும்க்கா. இது அருமையா வருது."

"அப்போ... பாஸா மேடம்?" ஜேசுராஜ் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார்.

"அவசரப்படாதீங்க. தண்ணிச் சோதனை இருக்கு. அதுலதான் முடிவு தெரியும்."

"நல்லா அழுத்திப் பாருங்க மேடம். எங்களுக்காக இரக்கம் பாக்கவே பாக்காதீங்க!"

சுடர்விழி ஆடிப்போனாள். இங்கே வருகிறவர்கள் எல்லாம் 'கொஞ்சம் பார்த்துப் போட்டுவிடுங்க' என்று குழைகிறவர்கள். இப்படி ஒரு மனிதரா! இவருக்குப் போய் பெயில் வந்துவிடக் கூடாதே என்று அவளும் வேண்டிக்கொண்டாள்.

சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றினாள். அழுத்தத்தில் சிலிண்டர் இம்மியளவு உப்பும். அது உப்பிய அளவுக்குத் தொட்டித் தண்ணீர் பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் ஏறும். அழுத்தத்தை விட்டதும் இறங்கிவிட வேண்டும். ஏறியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்காமல் நின்றுவிட்டால் இரும்பு தளர்ந்துவிட்டது, சிலிண்டர் பெயில்.

"நூத்தியெண்பது கோடு ஏறியிருக்கு" என்றாள். "இப்போ பதினெட்டுக்கு இறங்கணும். இறங்கினா பாஸ்."

அழுத்தத்தை விட்டாள். தண்ணீர் சரசரவென்று இறங்கியது. நூறு. அறுபது. முப்பது. மூன்று தலைகளும் குழாயருகே முட்டிக்கொண்டன. "அந்தோணியாரே, இன்னைக்கு மட்டும் கைவிட்டுடாதீங்க" என்று அருள்மேரி முணுமுணுத்தாள். இருபத்தைந்து. இருபது. பத்தொன்பது.

நின்றுவிட்டது.

சுடர்விழி குழாயை விரலால் சுண்டினாள். காத்திருந்தாள். மறுபடி சுண்டினாள். அசைவேனா என்றது.

ஒரே ஒரு கோடு! பாழாய்ப்போன ஒரு கோட்டுக்காக ஒரு ஊரின் முதல் திருவிழாவைக் கெடுப்பதா? பதினெட்டு என்று எழுதினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? பேனாவை எடுத்தாள். பதிவேட்டில் 'ஒன்று' எழுதியாகிவிட்டது. அடுத்து எட்டா, ஒன்பதா?

நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்கு இது வெடித்தால் பக்கத்தில் நிற்கப்போவது இந்த ஜேசுராஜ்தான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்பதை எழுதினாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. பெயில்."

"நெசமாவா மேடம்?"

"ஒரு கோட்டுல போயிடுச்சு. இனிமே இதுல கேஸ் நிரப்பக் கூடாது. யாரும் திரும்ப எடுத்து ஓட்டிடக் கூடாதுன்னு ரெண்டா வெட்டித்தான் கையில குடுப்போம்." அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அந்தோணியாரே!" என்று அலறிய அருள்மேரி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். ஜேசுராஜ் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, சிலிண்டரின் கழுத்திலிருந்து இரண்டடி அளந்து சுற்றிலும் ஒரு கோடு போட்டார்.

"இந்த எடத்துல வெட்டச் சொல்லுங்க மேடம்! ஓடுற சிலிண்டர வெட்ட மனசு வராம, பெயிலானா கோயிலுக்குத்தான்னு வாக்குக் குடுத்திருந்தேன். நாளைக்கு விடியக்காலம் எங்க அந்தோணியார் கோயில்ல அடிக்கப்போற மணி இதுதான்!"