மூன்றாம் அத்தியாயத்துக் குரல்

கீச்சுக் குரலில் யாரோ அவசர அவசரமாகப் பாடும் சத்தம் கேட்டது. ரயிலைத் தவறவிடப் போகிறவன் ஓடிக்கொண்டே பாடினால் அப்படித்தான் இருக்கும்.

அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா, முறத்தை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு கறுப்புத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங்வரை அந்தத் தட்டைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்திருந்தார் கமலநாதன். அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டு ரெக்கார்டுகளை, அதிலும் யாருக்குமே தெரியாத ரெக்கார்டுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறவர்.

"கேளுங்க அங்கிள். உங்க குரல்."

காளியப்பன் காதைச் சாய்த்துக் கேட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு.

"இது நான் இல்ல தம்பி."

கிருஷ்ணம்மாவுக்குத் திக்கென்றது. கல்யாணமானதிலிருந்து ஐம்பது வருஷமாக, "நான் சிங்கப்பூர் போய் ரெக்கார்டுல பாடினவன்" என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிற மனுஷன். ஒரு தட்டைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டால், ரயில்வே குவாட்டர்ஸ் மாறினப்போ தொலைந்துபோச்சு என்பார்.

"நீங்கதான் அங்கிள். வயசாச்சுல்ல, மறந்துட்டீங்க. இந்தக் குரல நான் ஆறு வருஷமா கேக்குறேன்."

"எனக்கு எழுபத்தெட்டு வருஷமா பழக்கம் தம்பி."

"பாட்டாவது உங்களோடதுதானே?"

"பாட்டு எங்களோடதுதான். குவாட்டர்ஸ் பசங்க நாலு பேரு சேர்ந்து போட்டது. குரல்தான் யாரோடதுன்னு தெரியல."

அப்படியென்றால் பாடியது வேறு எவனோ. இவர் பக்கத்தில் நின்று கிலுகிலுப்பை ஆட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள் கிருஷ்ணம்மா.

காளியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிமேல் குனிந்தார். கோத்தா திங்கியில் வெள்ளத்தில் நனைந்த சாமான்களுக்கு நடுவே கிடைத்த தட்டு அது. நடுவில் ஒட்டியிருந்த லேபிளில் பாதி எழுத்தைத் தண்ணீர் தின்றிருந்தது. அவர் விரல் பெட்டியின் ஓரத்திலிருந்த சின்னச் சுவிட்சை நோக்கிப் போயிற்று.

"கை வைக்காதீங்க அங்கிள். ஊசி மட்டும் எண்ணூறு வெள்ளி. உலகத்துலயே இந்த ஒரு தட்டுதான் மிச்சம்."

"இல்ல தம்பி, இத ஒரு தடவ..."

"எல்லாம் சரியாதான் செட் பண்ணி வெச்சிருக்கேன்லா."

விரல் திரும்பி வந்துவிட்டது.

கமலநாதன் பையிலிருந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்தார். இன்னும் அச்சு மை வாசனை அடித்தது.

"நான் எழுதினது. மூணாம் அத்தியாயம் முழுக்க உங்க குரல்தான். நாப்பது பக்கம்." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'அந்நாளைய மலாயாவில் இத்தனை உச்சத்தில் பாடிய ஆண்குரல் வேறில்லை. இந்த வேகம் வெறும் தாளமன்று. ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஓடத் துடித்த ஒரு தலைமுறையின் வேகம்.'"

"நாங்க யாரும் தோட்டத்துல இல்லையே தம்பி. ரயில்வே."

"அது ஆழ்மனசுல அங்கிள்."

காளியப்பன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "அச்சடிச்சாச்சா?"

"முந்நூறு பிரதி. ஞாயித்துக்கிழமை வெளியீடு. டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் ஒருத்தரு முதல் நூல் வாங்குறாரு. உங்களுக்கு மாலை, பொன்னாடை, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

அதுவரை ஆராய்ச்சியாளராக இருந்தவர், கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க நான் இல்லன்னு சொல்லிட்டா, அந்த அத்தியாயமே இல்ல அங்கிள். ஆறு வருஷம். வீட்டுல ஏற்கெனவே என்னைக் கிறுக்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

காளியப்பன் சுற்றி ஓய்ந்த தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடுங்க."

மறுபடியும் அந்தக் கீச்சுக் குரல் கூடத்தைச் சுற்றி ஓடியது. இந்தத் தடவை காளியப்பன் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"ஆமா தம்பி. நான்தான். அந்த வயசுல அப்படித்தான் பாடினேன்."

அடப்பாவி மனுஷா, பொன்னாடை என்றதும் குரல் வந்துவிட்டதே என்று பொருமிக்கொண்டு உள்ளே போனாள் கிருஷ்ணம்மா. கையெழுத்து வாங்கிக்கொண்டு, தட்டுக்கு மறுபடி பெல்ட் போட்டு, கமலநாதன் சந்தோஷமாகப் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

காளியப்பன் அடுப்படிக்கு வந்து, முறத்துக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை.

"எவனோ பாடினதுக்கு நீங்க மாலை போட்டுக்கப் போறீங்களா? வெக்கமா இல்ல?"

"நான் பாடினதுதான்."

"அப்போ மொதல்ல ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"மொதல்ல எனக்கே தெரியல. லேபிளக் கிட்ட பார்த்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நாலு பாட்டும் அடங்கணும்னு மெதுவா சுத்துற தட்டா போட்டாங்க. வேகத்தச் சொல்லுற அந்த எழுத்துதான் தண்ணியில போச்சே. இவரு ஆறு வருஷமா வேகமா சுத்தவிட்டு, என் குரலக் கீச்சுக் குரலாக்கிக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

கிருஷ்ணம்மாவின் கை நின்றது.

"அந்தச் சுவிட்சத் தள்ளியிருந்தா உங்க குரல் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"தள்ளியிருக்கலாம்ல. நானும் ஒரு தடவ கேட்டிருப்பேன்."

"எனக்கும் ஆசதான். கேட்டு ஐம்பத்தெட்டு வருஷமாச்சு." காளியப்பன் ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டார். "நாப்பது பக்கம் எழுதிட்டாரே, பாவம்."

கிருஷ்ணம்மா முறத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்திவைத்துவிட்டு, அடுத்த நெத்திலியை எடுத்தாள்.