ஒரு அண்ணா போதும்

"ஜப்பார் அண்ணா..."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவள் இழுத்துக் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது.

இனி கட்டிங் மாஸ்டர் ஜப்பார் மறுக்கமாட்டார்.

மறுக்கவில்லை. தன் ஆட்களில் நாலு பேரைப் பட்டன் தைக்க அனுப்புவதாகத் தலையாட்டினார். காலையில் மேனேஜர் கேட்டபோது, ஒருத்தனைக்கூடத் தர முடியாது, என் வேலையை யார் முடிப்பது என்று சீறிய அதே மனிதர்.

அவன் குனிந்துகொண்டான்.

மேஜையில் பாப்பா கவுன்கள். மஞ்சள் நிறம். ஏற்றுமதிக்கு முன் தரம் பார்ப்பது அவன் வேலை. முந்தின நாள் அவன் ஒரு பட்டனைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்துவிட்டது. இன்னொன்றை இழுத்தான். அதுவும். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தை அதை வாயில் போட்டுக்கொள்ளும். மொத்த லாட்டையும் நிறுத்திச் சிவப்பு அட்டை மாட்டினான்.

அது அவளுடைய ஆர்டர். அவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் ஆர்டர். சாயங்காலம் லாரி ஏறவில்லை என்றால் கப்பல் போய்விடும். அடுத்த ஆர்டரை அவளிடம் யாரும் தரமாட்டார்கள்.

அவள் அவனோடு சண்டை போடவில்லை.

அதுதான் உறுத்தியது. சண்டை போடவாவது இந்த அறைக்கு வந்திருக்கலாம்.

அவள் பேக்கிங் பக்கம் போனாள்.

"செபாஸ்தியன் அண்ணா, ஒட்டின பெட்டியைத் திரும்பப் பிரிக்கச் சொல்றது எவ்வளவு பாவம்னு எனக்குத் தெரியாதா? பிரிங்க. நானே உக்காந்து ஒட்டித் தர்றேன்."

செபாஸ்தியன் சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையிலிருந்த டேப் ரோலைப் பரிசு கொடுப்பதுபோல் அவளிடம் நீட்டினார்.

அடுத்து பிளானிங்.

அங்கே அண்ணா இல்லை. அங்கே நிரூபன்.

"நிரூ."

அவளும் நிரூபனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் பெயரில் பாதியை யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டன் மெஷினை நிரூபன் வேறொரு ஆர்டருக்கு ஒதுக்கிவிட்டிருந்தான். அவள் அவன் மேஜையில் சாய்ந்துகொண்டு பேசினாள். பேசிக்கொண்டே அவன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

மெஷின் சாயங்காலம்வரை அவளுக்கு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நூல் அறுந்தது. அவன் பட்டனை இழுத்திருந்தான். அது நன்றாகத் தைத்த பட்டன்.

கண்ணாடிக்குள் இருக்கும் அவனை மட்டும் அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சார் இல்லை. பெயர் இல்லை. அண்ணாவும் இல்லை.

வாட்ச்மேன்கூட அவளுக்கு மாமா. டீ கொண்டுவரும் அம்மா, பெரியம்மா. அந்தக் கட்டடம் முழுவதும் அவளுக்குச் சொந்தக்காரர்கள். அவனிடம் காரியம் என்றால் மட்டும் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பாள், அவனாக நிமிர்ந்து பார்க்கும்வரை.

பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

என்னையும் ஒரு அண்ணாவாக வைத்துக்கொள்ளட்டுமே என்றுகூட ஒருநாள் தோன்றியது. வீடு போய்ச் சேருவதற்குள் அந்த நினைப்பே பயமாகிவிட்டது.

இப்போது அவள் வருகிறாள்.

ஒரு கையில் டேப் ரோல். பின்னால் ஜப்பார் மாஸ்டர். அவருக்குப் பின்னால் அந்த நாலு பேர்.

அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தைக்கத் தைக்க, மெஷின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரவேண்டும். அப்போதுதான் லாரிக்கு எட்டும். அவனுடைய வழக்கம் வேறு. மொத்தமும் முடித்துக் கொண்டுவந்தால்தான் தொடுவான். மேனேஜருக்காகக்கூட அதை மாற்றியதில்லை.

அவள் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"வந்து..."

அவன் காத்திருந்தான். அந்தச் சொல் வரப்போகிறது. வந்தால் மறுபேச்சில்லாமல் எழுந்து போய்விடுவான். அதற்குப் பிறகு இங்கே உட்கார்ந்து யாருக்காகக் காத்திருக்க?

ஜப்பார் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது? எங்ககிட்டல்லாம் அண்ணா அண்ணான்னு தேனா ஒழுகுச்சு. இவர்கிட்ட வந்ததும் வாய் ஒட்டிக்கிச்சா? ஒரு அண்ணா போடு, சார் எழுந்து வந்துடுவார். லாரிக்கு நேரமாவுது பாரு."

நாலு பேரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள். ரோலைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். நுனி அகப்படவில்லை.

"லாரி போனா போவட்டும், ஜப்பார் அண்ணா."

யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு அந்த நாலு பேரையும் பார்த்து, "இங்க என்னடா வேடிக்கை, மெஷினுக்குப் போங்கடா" என்று அதட்டினார்.

அவன் சிவப்பு அட்டையைக் கழற்றவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கவுன்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மெஷின் பக்கம் நடந்தான்.

பின்னால் டேப் உரிகிற சத்தம் கேட்டது.

நிரூபனின் மேஜையைக் கடக்கும்போது கவுன்களை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

கேட்காமலேயே ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டான்.