கட்டிலோரப் பரீட்சை

கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்த ரத்தினசாமியின் தோளை டாக்டர் கிருஷ்ணராஜ் மெல்லத் தொட்டான். அவர் முனகியபடி கண்ணைத் திறந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு, ஒட்டிய கன்னம்.

இன்னும் ஒரு மாசம் தாங்கினால் அதிகம் என்று நினைத்துக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்தான்.

தீராத நோய்க்காரர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பயிற்சி அவனுக்கு. ஊசி போட வரும், பேச வராது. போன இரண்டு வீட்டிலும் எதையோ உளறி, வீட்டையே அழவைத்துவிட்டு வந்திருந்தான்.

ஆம்பூரில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே பெரிய டாக்டர் மனோரமா கறாராகச் சொல்லிவிட்டார். "கேஸ் ஷீட்டைப் பாக்காத. மனுஷங்களைப் பாரு. நான் வாயே திறக்க மாட்டேன். இங்கயும் சொதப்பினா நீ வார்டுக்கே திரும்பிப் போயிடு."

ரத்தினசாமியின் மனைவி பூவம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"சார், இன்னான்னா..."

"நீங்க இருங்கம்மா, அவரே பேசட்டும். கொஞ்சம் வெளிய உக்காருங்களேன். சொந்தக்காரங்க பக்கத்துல இருந்தா மனசு விட்டுப் பேச வராது."

பூவம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்த மனோரமாவைப் பார்த்தாள். மனோரமா எழுந்து, அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார். நம்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று கிருஷ்ணராஜுக்குத் தெம்பு வந்தது.

ரத்தினசாமியின் கையைப் பிடித்தான். தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் குப்பென்று அடித்தது. காயாத சாயம் அவன் உள்ளங்கையிலும் ஒட்டியது. சாகக் கிடக்கும்போதும் தொழில் இந்த மனுஷனை விடவில்லையே என்று பரிதாபப்பட்டான்.

"ராத்திரி தூக்கம் வருதாய்யா?"

"ராத்திரி ஏது சார் தூக்கம்? இப்பத்தான் கண்ண மூடுனேன், எழுப்பிட்டீங்க."

"மனசுல என்ன பயம் இருந்தாலும் சொல்லுங்க."

"பசங்க ரெண்டும் சின்னதுங்க சார். நாளைக்கு அதுங்களை யாரு பாத்துப்பாங்க?" அவர் குரல் உடைந்தது.

கிருஷ்ணராஜ் அவசரப்படவில்லை. பாடத்தில் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். அவர் லுங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதனா சாப்பிட ஆசையா இருக்கா?"

"பிரியாணி." பதில் உடனே வந்தது. "அரை பிளேட்டு வாணாம் சார். ஃபுல்லு."

"சாயங்காலமே வாங்கிட்டு வர்றேன்."

ரத்தினசாமி அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெல்லக் குப்புறப் புரண்டார்.

"முதுகு புடிச்சிக்கினு ஒரே பேஜாரு சார்."

கிருஷ்ணராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்த்துவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் மேல சார்... ஆங், அங்கதான். டாக்டருங்க இம்மாம் நல்லவங்கன்னு தெரியாமப் போச்சே!"

வெளியே பெண்கள் இருவரும் சிரிப்பது கேட்டது. நோயாளி வீட்டில் சிரிப்பே வந்துவிட்டது. இனி வார்டுப் பேச்சுக்கே இடமில்லை.

கிருஷ்ணராஜ் பையிலிருந்து வலி மருந்துப் புட்டியை எடுத்தான். ஒரு மூடி அளந்து ஊற்றி, அவரைத் தூக்கி உட்காரவைத்து வாயருகே நீட்டினான்.

"குடிங்கய்யா. வலி அடங்கிடும்."

ரத்தினசாமி மூடியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பூவு, சீக்கிரம் வா! உன் மருந்த நைட் ஷிப்டுக்காரனுக்கு ஊத்துறாரு!"